புது க்ரூஸர் பைக்கும் அதன் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

புது பைக் எடுத்தவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, டாப் கியரில் நாற்பதிலேயே ஆயிரம் கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தால் அந்த இன்ஜினுக்கு நல்லது செய்ததாக ஆகாது. தாழ்ந்த சீட்டும் நீண்ட உடலுமாக, கால்களை முன்னே நீட்டி ஓட்டும் க்ரூஸர் வண்டியென்றால் கெடுதல் இன்னும் கொஞ்சம் கூடுதல். காரணம் புரிய வேண்டுமென்றால் இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டருக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது சிலிண்டர் ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள். ஒரு பக்கம் சரிந்தவை, மறுபக்கம் சரிந்தவை, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சின்னச் சின்ன வைர வடிவங்களாகத் தெரிந்தன. நகத்தால் வருடினால் லேசாகச் சொரசொரத்தது. இந்தக் கீறல்களைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே போடுகிறார்கள். இந்த வேலைக்கு ஹோனிங் என்று பெயர். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகள் நுண்ணிய அரம்போல வேலை செய்யும்.

அந்த அரம் எதைத் தேய்க்கிறது? பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளை. சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் மேலே இரண்டு கம்ப்ரஷன் ரிங், கீழே ஒரு ஆயில் ரிங் இருக்கும். புது ரிங்கும் புதுச் சுவரும் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் முழுச் சுற்றளவிலும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. ஓட ஓட மேடுகளின் முனைகள் மழுங்கி, ரிங்கும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்துவர வேண்டும். புது இன்ஜினைப் பழக்குவதை ரன்னிங் இன் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் படிதல்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் ரிங்கின் சொந்த விறைப்பு இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தம். அந்த வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் காடிக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் போய் அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தால் அழுத்தம் கூடும், ரிங் நன்றாகப் படியும். பூப்போல ஓட்டிக்கொண்டே இருந்தால் அழுத்தம் போதாது. ரிங் முழுதாகப் படியாத சுவரில் ஆயில் படலம் தங்கி, சூட்டில் வெந்து, அரக்குப் பூச்சுபோல் இறுகிவிடும். கீறல்களின் சொரசொரப்பு அதற்கடியில் மூடிப்போகும். இதற்கு கிளேசிங் என்று பெயர். அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் ரிங் சரியாக உட்காராது. ஆயில் குறையும், சைலன்சரில் நீலப்புகை வரும், இழுவை மந்தமாகும். சரிசெய்ய இன்ஜினைப் பிரித்துச் சிலிண்டரை மறுபடி ஹோன் பண்ண வேண்டியிருக்கும்.

சரி, அப்படியானால் முதல் நாளே முழுக்க முறுக்கிவிடலாமா? கூடாது. படியாத இடங்களில் உராய்வு அதிகம், அதனால் சூடும் அதிகம். முழு வேகத்தில் அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைக்காமல் பிஸ்டனும் சுவரும் உரசிக் கோடு விழலாம். ஆகவே இன்ஜினுக்குத் தேவை நடுத்தரமான சுமை. அதையும் விட்டு விட்டுத் தர வேண்டும். கொஞ்சம் வேலை வாங்கி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி வேலை வாங்க வேண்டும்.

ஓட்டும்போது இதை எப்படிச் செய்வது? இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிதானமாக, ஆனால் தெளிவாக, ஆக்சிலரேட்டரைத் திறந்து நடு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரை வேகமெடுங்கள். பிறகு பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மூடி, இன்ஜினின் பிடியிலேயே வேகம் குறைய விடுங்கள். மூடிய நேரத்தில் சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. அது கொஞ்சம் ஆயிலை ரிங்குகள் பக்கம் இழுத்து, தேய்ந்த துகள்களைக் கழுவி, சூட்டையும் தணிக்கிறது. மறுபடி வேகமெடுங்கள். ஏற்ற இறக்கமும் வளைவும் உள்ள சாலையில் இது தானாகவே நடக்கும். நேராகக் கிடக்கும் நெடுஞ்சாலைதான் இந்த நாட்களில் மோசமான சாலை. ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் இன்ஜின் ஒரே நிலையில் பழகிவிடும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இருந்தால் கொஞ்ச நாளைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

எண்களுக்கு வண்டியோடு வரும் கையேட்டையே நம்புங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹார்லி டேவிட்சனின் கையேடு முதல் 80 கிலோமீட்டருக்கு 3000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அங்கிருந்து 800 கிலோமீட்டர் வரை 3500 போகலாம், ஆனால் ஒரே ஆர்பிஎம்மில் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது என்கிறது. ஹோண்டாவின் கையேடுகள் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டரில் கிளம்புவதையும் சடாரென வேகமெடுப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன. இரண்டுமே கிலோமீட்டர் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஜினுக்குத் தெரிவது அதன் சுழற்சியும் சுமையும்தான். ஸ்பீடோமீட்டரில் நாற்பது என்பது இரண்டாவது கியரில் ஒரு கதை, ஐந்தாவது கியரில் வேறு கதை.

க்ரூஸர்காரர்களுக்கென்றே உள்ள தவறும் இங்கேதான் இருக்கிறது. இந்த வண்டிகளின் இன்ஜினுக்குக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை உண்டு. அதனால் டாப் கியரில் போட்டுவிட்டு, தடதடவென்ற அந்தச் சத்தத்தை ரசித்தபடி மெதுவாக உருட்டத் தோன்றும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போனால் இன்ஜின் திணற ஆரம்பிக்கும். ஹேண்டில்பார் உதறும், ஆக்சிலரேட்டரைத் திறந்தாலும் வண்டி முன்னே பாயாமல் உள்ளே 'டங் டங்' என்று இடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக நகரும் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தாக்குகிறது. அந்த அடி, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் போய் விழுகிறது. ஆயில் பம்ப்பைச் சுற்றுவதும் இன்ஜின்தான் என்பதால், மெதுவாகச் சுற்றும்போது ஆயில் அழுத்தமும் குறைவு. புது இன்ஜினை அதிகச் சுற்றில் ஓட்டுவதற்குப் பயப்படுகிறவர்கள் இதற்கும் அதே அளவு பயப்பட வேண்டும். இடிக்கிறதென்று பட்டால் ஒரு கியர் குறையுங்கள்.

காலையில் கிளப்பியதும் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஐட்லிங்கில் சூடேற்ற வேண்டியதில்லை. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும். ஆயில் மேலே ஏறியதும் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். காற்றால் குளிரும் இன்ஜினை நிற்க வைத்தே ஓடவிட்டால் அது சூட்டில் வாடும். பளபளப்பான க்ரோம் சைலன்சர் குழாய் நீலமும் பொன்னிறமுமாக நிறம் மாறுவதற்கும் இந்தச் சூடே காரணம்.

முதல் சில நாட்களில் புதியவர்களைப் பயமுறுத்தும் சில விஷயங்கள் உண்டு. சைலன்சர் பக்கமிருந்து லேசாகப் புகையும் கருகல் வாடையும் வரலாம். தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்புப் பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து தீர்வதுதான் அது. வண்டியை அணைத்த பிறகு 'டிக்... டிக்...' என்று கேட்பது உலோகம் ஆறிச் சுருங்கும் சத்தம். கியர் மாற்ற முரண்டு பிடிப்பதும், நியூட்ரல் விழாமல் கண்ணாமூச்சி காட்டுவதும் ஓட ஓடக் குறையும்.

முதல் சர்வீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரிங்கும் சுவரும் தேய்ந்த தூள், கியர் பற்கள் தேய்ந்த தூள் எல்லாம் எங்கே போகும்? ஆயிலுக்குள்தான். முடிந்தால் முதல் ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்து வெயிலில் காட்டினால், கருத்த ஆயிலுக்குள் மீன் செதிலைப் பொடித்துப் போட்டதுபோல வெள்ளி மினுமினுப்பு தெரியும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் சாம்பல் நிறப் பசைபோல் அப்பியிருக்கும். அவ்வளவும் இயல்புதான். கண்ணால் எண்ணக்கூடிய அளவில் உலோகத் துண்டுகள் கிடந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். இந்தத் தூளை உள்ளேயே சுற்றவிட்டு இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவது, பார்த்துப் பார்த்து ஓட்டியதையெல்லாம் வீணாக்கிவிடும்.

ஊற்றும் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறியிருக்கும். உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியீடான 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருக்கிறதா, கையேடு சொல்லும் கிரேடுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்ஜினைப் பற்றியே கவலைப்பட்டு டயரை மறந்துவிடுகிறோம். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், பிடிமானம் குறைவு. முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டி, நடுவிலிருந்து ஓரம் வரை டயரின் தோலை உரிய விடுங்கள். மழை பெய்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பிரேக்கும் இப்படித்தான். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய 300 கிலோமீட்டர் வரை ஆகும். அதுவரை அவசரமில்லாத நிறுத்தங்களில் நீளமாக, ஒரே சீராகப் பிடித்துப் பழக்குங்கள்.

புது செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். கிளட்ச் கேபிளும் நீளும், அதனால் லீவரின் ஆட்டம் கூடும். முதல் சர்வீஸ் வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுற்ற பெல்ட்டோ ஷாஃப்டோ உள்ள வண்டியென்றால் செயின் வேலை மிச்சம். கம்பிச் சக்கரம் இருந்தால், ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று மணிபோல் ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று மழுங்கலாகச் சொல்லும். வரிசையாக டிங், டிங், டிங் என்று வந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு டொக் விழுந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. கண்ணாடி, ஹேண்டில்பார், சைலன்சர் போல்ட்டுகளையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

நீங்களும் படிய வேண்டும்

வண்டி உங்களுக்குப் பழகுவதுபோல நீங்களும் வண்டிக்குப் பழக வேண்டும். சாதாரண பைக்கிலிருந்து க்ரூஸருக்கு வருகிறவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். "பத்து வருஷமா பைக் ஓட்றேன், இதில் என்ன பழக இருக்கு" என்று தோன்றும். வண்டியின் அமைப்பே வேறு என்பதுதான் பதில்.

க்ரூஸரில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அதிகமாகச் சாய்ந்திருக்கும், முன்சக்கரம் முன்னே தள்ளி நிற்கும், இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி நீளம். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650 என்ற வண்டியில் அந்த இடைவெளி 1500 மில்லிமீட்டர், எடை 241 கிலோ. இந்த அமைப்பால் நேர்சாலையில் வண்டி ஆடாமல் அசையாமல் போகும். அதற்கு விலையாக, மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் தானாக உள்பக்கம் விழப் பார்க்கும், வட்டமடிக்க அதிக இடம் கேட்கும். சீட் தாழ்வு என்பது பெரிய அனுகூலம். ஹோண்டா ரெபல் 500இல் சீட்டின் உயரம் 690 மில்லிமீட்டர்தான். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிவதால் எடை பாதி குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் சாய ஆரம்பித்த பிறகு 241 கிலோ 241 கிலோதான்.

ஆகவே முதல் வாரத்தில் ஆளில்லாத ஒரு மைதானத்தைப் பிடியுங்கள். பயிற்சி முழுக்க நடை வேகத்தில்தான். கிளட்சை முழுதாக விடாமல், வண்டி இழுக்கத் தொடங்கும் அந்தப் பாதிப் பிடியிலேயே வைத்திருங்கள். ஆக்சிலரேட்டர் சிறிதளவு திறந்தபடி ஒரே சீராக இருக்கட்டும். வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் அடக்குங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வண்டி கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பாருங்கள். கண் போன பக்கம் வண்டி போகும்.

ஒன்றை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, நடை வேகத்தில், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நான் என் க்ரூஸரை முதல் வாரத்தில் கீழே போட்டது அப்படித்தான். யூ-டர்ன் பாதியில் ஒரு கார் எதிரே வந்ததும் வலது கை தானாக லீவரைப் பிடித்தது. முன்சக்கரம் நின்றது, வண்டியின் எடை முழுவதும் திரும்பியிருந்த பக்கம் சரிந்தது. காலால் தாங்கப் பார்த்தேன், முடியவில்லை. முழங்கால் ஒரு மாதம் வலித்தது. சரியும் க்ரூஸரைக் காலால் நிறுத்த முயலாமல் விட்டு விலகுவதே நல்லது. வளைந்த லீவரை மாற்றிக்கொள்ளலாம்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னதாகவே நீட்டி, கியரில் போட்டுவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைச் சாய்த்துக் குந்தி, தரைப்பக்கம் திரும்பியிருக்கும் ஹேண்டில்பார் நுனியை ஒரு கையால், பின்பக்க ஃபிரேமை மறு கையால் பிடித்து, முதுகை நிமிர்த்தியபடி கால்களால் பின்னோக்கி அடியடியாக நடங்கள். குனிந்து முன்பக்கமாக இழுத்தால் போவது உங்கள் இடுப்புதான்.

சாலையில் போகும்போது உடம்பு வேறு சில வித்தியாசங்களையும் உணரும். கால்கள் முன்னே நீட்டியிருப்பதால் பள்ளத்தில் எழுந்து நிற்க முடியாது. அடி முழுவதும் முதுகுத்தண்டின் அடிக்கே போகும். பின் சஸ்பென்ஷனின் அசைவும் இவற்றில் குறைவு. அதனால் தூரத்திலேயே பள்ளத்தைக் கண்டு முன்கூட்டியே வேகம் குறைத்து, பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அதிர்ச்சியை வாங்க மிச்சம் இருக்காது. நிமிர்ந்து உட்காருவதால் மார்பில் காற்று நேராக மோதும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போனாலே அது இரண்டேகால் மடங்காகிவிடும். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்க ஆரம்பிக்கும், தோள் இறுகும். முழங்கையைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து லேசாக முன்னே சாயுங்கள்.

வளைவுகளில் க்ரூஸரை அதிகம் சாய்க்க முடியாது. பல வண்டிகளில் 30 டிகிரி வாக்கிலேயே கால் வைக்கும் ஃபுட்பெக் தரையில் 'கர்ர்' என்று உரசிவிடும். முதல்முறை கேட்டால் உடம்பு சிலிர்க்கும். பதறி ஆக்சிலரேட்டரை மூடினால் வண்டி இன்னும் தாழும், அதனால் அப்படியே நிலையாகப் பிடித்துச் சிறிது நிமிர்த்துங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

பிரேக்கிலும் ஒரு மாற்றம். எடை பின்னால் அதிகம் உட்கார்ந்திருப்பதால், மற்ற பைக்குகளைவிட க்ரூஸரில் பின் பிரேக்குக்கு வேலை அதிகம். அதற்காக முன் பிரேக்கை ஒதுக்கிவிடாதீர்கள், நேராகப் போகும்போது நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு இன்னும் முன்னால்தான் இருக்கிறது. பேடுகள் படிந்த பிறகு, முப்பது நாற்பது வேகத்திலிருந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகுங்கள்.

லீவர்களின் கோணம், பிரேக் பெடலின் உயரம், கியர் லீவரின் உயரம் எல்லாமே மாற்றக்கூடியவை. ஷோரூமில் கொடுத்தபடியே வருடக்கணக்கில் மணிக்கட்டு வலியோடு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே கோட்டில் லீவருக்குப் போக வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுவதை முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. ஏற்றும்போது பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் இடத்தையும் யோசித்து நிறுத்துங்கள். இறக்கத்தில் சுவரைப் பார்த்து மூக்கை நுழைத்துவிட்டால் பின்னே தள்ளி எடுக்க இன்னொரு ஆள் தேவைப்படும். மண்ணிலும் உருகிய தாரிலும் சைடு ஸ்டாண்ட் மெல்லப் புதையும். அடியில் ஒரு தட்டையான கல்லையோ பலகைத் துண்டையோ வைத்துவிடுங்கள்.

முதல் சர்வீஸ் முடிந்து புது ஆயில் ஊற்றியாகிவிட்டால், அன்றே முழுக்க முறுக்க வேண்டாம். ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் ஐந்நூறு ஆர்பிஎம் என்று எல்லையை உயர்த்திக்கொண்டே போவது என் வழக்கம். வாரம் ஒருமுறை வண்டியை நிமிர்த்தி வைத்து ஆயில் அளவைப் பார்த்துக் குறித்து வைப்பேன். ஆயிரத்தைத் தாண்டியதும் ஒரு நாள் கவனித்தால் நியூட்ரல் ஒரே தட்டில் விழும், இன்ஜின் சத்தத்தில் இருந்த கரகரப்பு குறைந்திருக்கும், ஐட்லிங் சீராகத் துடிக்கும், யூ-டர்ன் அடிக்கும்போது உங்கள் வலது கை முன் பிரேக்கைத் தேடாது.